தண்டுகளுக்கிடையே ஓடும் நீர்: மேட்டிஸ்-எச் சோதனையும் கொந்தளிப்புக் கணிப்பின் எல்லையும்

அழுத்தநீர் அணு உலையின் எரிபொருள் கட்டு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், 17-க்கு 17 என்ற சதுர அடுக்கில் 289 இடங்கள் தெரியும். அவற்றில் 264 இடங்களில் எரிபொருள் தண்டுகளும், 24 இடங்களில் கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்குவதற்கான வழிகாட்டிக் குழாய்களும், நடுவில் அளவீட்டுக் கருவிக்கான குழாய் ஒன்றும் இருக்கும். தண்டின் விட்டம் 9.5 மி.மீ.; மையத்துக்கு மையம் உள்ள தூரம் 12.6 மி.மீ. ஆகவே அடுத்தடுத்த இரு தண்டுகளுக்கு நடுவே எஞ்சுவது 3.1 மி.மீ. இடுக்குதான். அந்த இடுக்குகளின் வழியே, ஏறத்தாழ 155 பார் அழுத்தத்தில், 300 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பநிலையில், விநாடிக்கு 5 மீட்டர் அளவிலான வேகத்தில் நீர் மேலேறுகிறது. இந்த நிலையில், நீரின் பாகுத்தன்மையை அதன் ஓட்ட வேகம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் 5 இலட்சத்தைத் தொடுகிறது. ஓட்டம் முழுக்க முழுக்கக் கொந்தளிப்பானது.

தண்டுகளை இடம் பெயராமல் பிடித்து வைப்பதற்காக ஏறக்குறைய அரை மீட்டருக்கு ஒன்றாக மெல்லிய உலோகச் சட்டங்கள் பொருத்தப்படுகின்றன. ஸ்பேசர் கிரிட் என்று அழைக்கப்படும் இச்சட்டங்களின் மேல்விளிம்பில், ஓட்டத்துக்குச் சாய்வாக மடக்கப்பட்ட சிறு தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். இவையே கலப்பு இதழ்கள். நேராக ஏறும் நீரைப் பக்கவாட்டில் திருப்பிச் சுழல வைத்து, சூடான தண்டுப் பரப்பை ஒட்டிய நீரையும் தண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவழியின் மையத்தில் ஓடும் குளிர்ந்த நீரையும் கலக்கச் செய்வது இவற்றின் வேலை. ஓர் இதழின் கோணத்தைச் சில பாகை மாற்றினாலே உலையிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடிய வெப்பத்தின் உச்சவரம்பு மாறும். அதனால்தான் எரிபொருள் தயாரிப்பாளர்கள் இதழ்களின் வடிவத்தை எளிதில் வெளியே காட்டுவதில்லை.

ஸ்பேசர் கிரிட்டுக்குப் பின்னால் நீர் எப்படி ஓடும் என்பதைக் கணினியால் எவ்வளவு நம்பகமாகச் சொல்ல முடியும் என்ற கேள்விக்கு, பொதுவெளியில் வைத்துச் சோதித்துப் பார்த்த அரிய முயற்சிகளுள் ஒன்று, தென்கொரியாவின் தேஜான் நகரில் உள்ள கொரிய அணுசக்தி ஆராய்ச்சி நிறுவனமும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான ஓஇசிடி அமைப்பின் அணுசக்தி முகமையும் இணைந்து நடத்திய ஒப்பீட்டுச் சோதனை ஆகும். சோதனை நடந்த கருவியின் பெயர் மேட்டிஸ்-எச். முடிவுகள் 2012 செப்டம்பரில் தேஜானிலேயே நடந்த பயிலரங்கில் ஒப்பிடப்பட்டன. இக்கட்டுரை அந்தச் சோதனையையும், அதன் வழியாகத் தெரியவந்த கணிப்பின் பலவீனத்தையும் ஆராய்கிறது.

சோதனையின் அமைப்பு

பெயரில் உள்ள எச், கருவி கிடைமட்டமாகப் படுத்திருப்பதைக் குறிக்கிறது. 170 மி.மீ. பக்கமுள்ள சதுரக் கூட்டுக்குள் 5-க்கு 5 என 25 தண்டுகள் உள்ளன. தண்டின் விட்டம் 25.4 மி.மீ., அதாவது உண்மைத் தண்டைப் போல 2.67 மடங்கு. மையத் தூரம் 33.12 மி.மீ. இப்படிப் பெரிதாக்கியதற்குக் காரணம் நடைமுறை சார்ந்தது. 3.1 மி.மீ. இடுக்குக்குள் லேசர் கதிரைச் செலுத்தி வேகத்தை அளப்பதைவிட 7.7 மி.மீ. இடுக்குக்குள் அளப்பது எளிது. நீரின் வெப்பநிலை 35 டிகிரி, சராசரி வேகம் விநாடிக்கு 1.5 மீட்டர், ரெனால்ட்ஸ் எண் 50,250. சூடேற்றம் கிடையாது, கொதித்தல் கிடையாது. லேசர் டாப்ளர் முறையில், இதழ் முனைகளிலிருந்து நீரியல் விட்டத்தின் (ஓட்டப் பரப்பின் நான்கு மடங்கை நனையும் சுற்றளவால் வகுத்தால் வரும் நீளம்) 0.5, 1, 4, 10 மடங்கு தொலைவுகளில் வேகக் கூறுகளின் சராசரியும் அவற்றின் ஏற்ற இறக்கமும் அளக்கப்பட்டன. இரண்டு வகை கிரிட்கள் பயன்படுத்தப்பட்டன. ஒன்றில் ஒவ்வோர் இடைவழிக்கும் எதிரெதிராக மடங்கிய இரண்டு இதழ்கள். இது நீரைப் பக்கத்து இடைவழிக்குள் தள்ளும். மற்றதில் நான்கு இதழ்கள். இது நீரைத் தன் இடைவழிக்குள்ளேயே சுழற்றும்.

நீரியல் விட்டம் 24.27 மி.மீ. என்பதை இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். இது கூட்டின் சுவரையும் சேர்த்துக் கணக்கிட்ட எண். 5-க்கு 5 அடுக்கில் மொத்தம் 36 இடைவழிகள் உண்டு. அவற்றில் நான்கு பக்கமும் தண்டுகளால் சூழப்பட்டவை 16 மட்டுமே. எஞ்சிய 20 இடைவழிகள், அதாவது பாதிக்கு மேல், சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பவை. உட்புற இடைவழி ஒன்றை மட்டும் தனியே எடுத்துக் கணக்கிட்டால் அதன் நீரியல் விட்டம் 29.6 மி.மீ. வருகிறது. ஆகவே "10 விட்டத் தொலைவு" என்று அறிக்கையில் எழுதப்பட்டது, உட்புற இடைவழியின் கண்ணோட்டத்தில் 8 விட்டத் தொலைவுதான். சோதனை முடிவுகளை உண்மை உலைக்கு மாற்றிப் பேசுகிறவர்கள் பலமுறை கோட்டைவிடும் இடம் இது.

போட்டியின் நிபந்தனை எளிமையானது. கிரிட்டின் வடிவமும் ஓட்ட நிலையும் எல்லோருக்கும் தரப்பட்டன; அளவீட்டு முடிவுகள் மறைத்து வைக்கப்பட்டன. கணிப்புகளை அனுப்பிய பிறகே விடை திறக்கப்பட்டது. 25 கணிப்புகள் வந்து சேர்ந்தன. விடை தெரிந்த பின் மாடலின் மாறிலிகளைத் தட்டித் திருத்திப் பொருத்திக் காட்டும் வழக்கம் இத்துறையில் புதிதல்ல என்பதால், இந்த நிபந்தனைதான் சோதனைக்கு மதிப்பைத் தந்தது.

மாடல் கட்டும்போது எதிர்ப்படும் தடைகள்

கொந்தளிப்பு மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கணிப்பாளர் பல முடிவுகளை எடுத்துவிடுகிறார். கிரிட்டில் உள்ள சிறு புடைப்புகள் தண்டைத் தொட்டுப் பிடிக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். வளைந்த இரு பரப்புகள் தொடும் அந்த இடத்தைச் சுற்றி, போகப்போகக் குறுகி ஒன்றுமில்லாமல் முடியும் ஆப்பு வடிவ வெளி உருவாகிறது. ஓட்டவெளியைக் கணினி பிரித்துக்கொள்ளும் சிறு கட்டங்களான மெஷ் செல்களில் நல்ல வடிவமுள்ள எதையும் அங்கே வைக்க முடியாது. தொடுபுள்ளியைச் சற்றே தட்டையாக்குவது, அல்லது நூலளவு இடைவெளி விட்டுத் தண்டைத் தள்ளிவைப்பது என இரண்டு வழிகள் உண்டு. இரண்டாவது வழியில் உண்மையில் இல்லாத ஒரு கசிவுப் பாதை பிறக்கிறது. முதல் வழியில் புடைப்பின் பின்புற நிழல் சற்றுப் பெருக்கிறது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும், கிரிட்டை ஒட்டிய அளவீட்டுத் தளத்தில் அதன் சுவடு தெரியும்.

அடுத்த தடை சுவர். மேட்டிஸ்-எச் நிலைமைகளில், நேர்க்குழாய்க்கான பிளாசியஸ் உராய்வு விதியைக் கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், சுவர் உராய்வு வேகம் விநாடிக்கு 0.077 மீட்டர் வருகிறது. பாகுத்தன்மை ஆளும் மெல்லடுக்கின் அடிப்படை நீள அலகு அப்போது ஏறக்குறைய 0.01 மி.மீ. சுவரை ஒட்டிய முதல் செல்லை இந்த அளவில் வைத்தால்தான் சுவரடுக்கை நேரடியாகத் தீர்க்க முடியும். சுவரை ஒட்டிய ஓட்டத்தைத் தீர்க்காமல் ஒரு வாய்பாட்டால் ஈடுகட்டும் சுவர்ச் சார்பை நம்பினால் 0.3 மி.மீ. போதும். இதே கணக்கை உண்மை உலைக்குச் செய்தால் அந்த அலகு ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. சோதனைக் கருவியில் ஒழுங்காகத் தீர்த்த மெஷ் உலைக்குப் பொருந்தாது என்பதையும், உலையில் சுவர்ச் சார்புகளைத் தவிர்ப்பது ஏன் இன்னும் கனவாகவே இருக்கிறது என்பதையும் இந்த ஓர் எண்ணே விளக்கிவிடுகிறது.

மாடல் வகைகளைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். நாள்பட்ட வழக்கம், பாய்மங்களின் ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் காலச் சராசரி செய்து, எஞ்சும் கொந்தளிப்புத் தகைவுகளை ஒரு "சுழல் பாகுத்தன்மை" மூலம் குறிப்பது. 1877-இல் புசினெஸ்க் முன்வைத்த இந்தக் கருத்தின் மீதே கே-எப்சிலான் மாடலும், 1994-இல் மென்டர் வெளியிட்ட எஸ்எஸ்டி மாடலும் நிற்கின்றன. தகைவுகள் ஒவ்வொன்றுக்கும் தனிச் சமன்பாடு எழுதும் ரெனால்ட்ஸ் தகைவு மாடல்கள் அடுத்த படி. பெருஞ்சுழல்களை அப்படியே காலத்தோடு கணக்கிட்டு, மெஷ்ஷைவிடச் சிறிய சுழல்களை மட்டும் மாடலுக்கு விடும் எல்இஎஸ் முறை அதற்கும் மேலே. இரண்டையும் கலந்த முறைகள் இடையில். வந்த கணிப்புகளில் இவை எல்லா வகையும் இருந்தன.

எது பொருந்தியது, எது நழுவியது

சராசரி வேகத்தைப் பொறுத்தவரை நிலைமை மோசமில்லை. இதழுக்கு அருகில் ஓட்டத்தை ஆள்வது பெரும்பாலும் வடிவியல்தான்: சாய்ந்த தகடு நீரைத் தள்ளுகிறது, நீர் அந்தத் திசையில் போகிறது. தகட்டின் வடிவத்தை மெஷ் ஒழுங்காகப் பிடித்திருந்தால், கே-எப்சிலான் போன்ற எளிய மாடலும் முதல் இரண்டு அளவீட்டுத் தளங்களில் ஏற்கத்தக்க விடையைத் தந்துவிடும். ஏற்ற இறக்கங்களின் அளவு என்று வரும்போதுதான் கணிப்புகள் அளவீட்டிலிருந்தும், ஒன்றிலிருந்து மற்றொன்றும் விலகிப் போயின. எல்லா அளவுகளிலும் எல்லாத் தளங்களிலும் முதலிடம் பிடித்த மாடல் என்று எதையும் சுட்ட முடியவில்லை.

இந்த விலகலை மாடலின் குறை என்று மட்டும் முடித்துவிடுவது அவசரம் என்பது என் கருத்து. கணிப்பு வெளி வழியாக ஒரு துளி நீரைப் பின்தொடர்ந்து பாருங்கள். இதழ் முனையிலிருந்து கடைசி அளவீட்டுத் தளம் வரை 243 மி.மீ.; விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் அந்தத் துளி 0.16 விநாடியில் கடந்துவிடும். எல்இஎஸ் கணிப்பை இயந்திர நேரம் இடம்கொடுத்த அளவுக்கு ஒரு முழு விநாடி ஓட்டினார் ஒருவர் என்று கொள்வோம். ஆறு முறை வெளி நிரம்பி வழிந்தாயிற்று. போதும் என்று தோன்றும். ஆனால் இடுக்கின் அகலத்தை ஒத்த சுழல் ஒன்று ஒரு புள்ளியைக் கடக்க 5 மில்லிவிநாடி ஆகிறது என வைத்தால், ஒன்றையொன்று சாராத இரு மாதிரிகளுக்கு நடுவே அதைப் போல இரு மடங்கு நேரம் வேண்டும் என்பதால், அந்த ஒரு விநாடியில் 100 மாதிரிகள் மட்டுமே கிடைக்கும். 100 மாதிரிகளிலிருந்து கணக்கிட்ட ஏற்ற இறக்க அளவில் ஏறக்குறைய 7 சதவீதப் புள்ளியியல் பிழை இயல்பாகவே இருக்கும். விலகல் மாடலால் வந்ததா, ஓட்டிய நேரம் போதாமையால் வந்ததா என்பதைப் பிரித்துச் சொல்லாத எல்இஎஸ் முடிவை நான் பாதி முடிவாகவே கருதுவேன். மெஷ்ஷை நுணுக்கிக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, சராசரி எடுத்த கால அளவைக் காட்டுவதில் பலர் செலுத்துவதில்லை.

நிலையான சராசரிக் கணிப்புகளிலும் இதற்கு இணையான ஒரு மறைவிடம் உண்டு. இதழுக்குப் பின்னால் ஓட்டம் இயல்பாகவே அலைபாய்வதால், நிலையான தீர்வைத் தேடும் கணிப்பு பலமுறை ஒரு முடிவுக்கு வராமல் எச்சங்கள் (சமன்பாடுகள் நிறைவேறாமல் மிஞ்சும் பிழைகள்) மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். கடைசிச் சில ஆயிரம் சுற்றுகளின் சராசரியை எடுத்து அறிக்கையில் போட்டுவிடுவது நடைமுறையில் உள்ள கைவேலை. விடை நியாயமாகவே வரலாம். ஆயினும் அது எந்தச் சமன்பாட்டின் தீர்வு என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

தொலைவு கூடக்கூட வேறொரு குறை மேலெழுகிறது. நான்கு இதழ் கிரிட் உருவாக்கும் சுழிப்பு இடைவழியின் நடுவே நீண்ட தூரம் தாக்குப்பிடிக்கும். சுழலின் உள்ளகத்தில் நீர் ஏறத்தாழத் திண்மப் பொருள் போலச் சுற்றுவதால் அங்கே கொந்தளிப்பின் கலக்கும் திறன் அடங்கியிருக்கும். இந்த அடக்கத்தை உணரும் உறுப்பு எதுவும் சாதாரண கே-எப்சிலான் மாடலில் இல்லை. சுழல் உள்ளகத்திலும் அது தாராளமாகச் சுழல் பாகுத்தன்மையைக் கொட்டும். விளைவாகச் சுழிப்பு கணினியில் சீக்கிரம் கரைந்துவிடும். வளைவின் பாதிப்பை ரெனால்ட்ஸ் தகைவு மாடல்கள் தம் சமன்பாடுகளிலேயே சுமப்பதால் இங்கே அவற்றுக்கு நியாயமான முன்னுரிமை உண்டு. உண்மை உலையில் அடுத்த கிரிட் வருவதற்குள் நீர் ஏறக்குறைய 40 நீரியல் விட்டங்கள் பயணிக்கிறது. சோதனை அளந்தது அதன் முதல் காற்பங்கை மட்டுமே. மீதி முக்காற்பங்கில் மாடலின் கரைப்புப் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

சராசரியில் தெரியாத கலப்பு

ஏற்ற இறக்கத்தைக் கணிக்கத் தவறுவது ஏன் வெறும் புள்ளிவிவரக் குறையாக முடிவதில்லை என்பதை, இதழே இல்லாத வெறும் தண்டுக் கட்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அந்த வரலாறு மேட்டிஸ்-எச்சைவிடப் பல பத்தாண்டுகள் மூத்தது.

தண்டுகளை நெருக்கமாக வைக்க வைக்க, பக்கத்து இடைவழிகளுக்கிடையே நடக்கும் கலப்பு குறைய வேண்டும் என்பதே எவரும் எதிர்பார்ப்பது. வாசல் குறுகினால் போக்குவரத்து குறையும் அல்லவா? அளவீடுகளோ, இடுக்கு குறுகினாலும் கலப்பு அவ்வளவாகக் குறையவில்லை என்று காட்டின. பழி முதலில் இரண்டாம்நிலை ஓட்டங்களின் மீது விழுந்தது. வட்டமல்லாத குழாய்களில், கொந்தளிப்பு எல்லாத் திசைகளிலும் சமமாக இல்லாததால் மூலைகளை நோக்கி மெதுவாகச் சுற்றும் இந்த ஓட்டங்களை ஜெர்மானியப் பாய்ம இயக்கவியலாளர் பிராண்டல் முன்பே அடையாளம் கண்டிருந்தார். அளந்து பார்த்தபோது அவற்றின் வேகம் அச்சு வேகத்தில் ஒரு சதவீதம் என்ற அளவில்தான் இருந்தது. கண்ட கலப்பைச் செய்து முடிக்க அந்த வலு போதாது.

உண்மைக் காரணம் இடுக்கிலேயே இருந்தது. ரோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1974-இல் வெளியிட்ட அளவீடுகளில் இதற்கான தடயம் இருந்தது. ஹூப்பரும் ரேமேயும் 1984-இல், நெருங்கிய தண்டுகளின் இடுக்கில் குறுக்கு வேகம் கிட்டத்தட்டச் சீரான தாளத்தோடு இடமும் வலமும் மாறி மாறி அடிப்பதைக் காட்டினர். இந்தத் தாளத்தின் அதிர்வெண் இடுக்கின் அகலத்தோடு எப்படி மாறுகிறது என்பதை மெல்லர் 1991-இல் தொகுத்தார். இடுக்கில் நீர் மெதுவாகவும் இருபக்க இடைவழிகளில் வேகமாகவும் ஓடுவதால் நடுவே வேக வேறுபாடு நிலைகுலைகிறது. இடுக்கின் இருபுறமும் எதிரெதிராகச் சுழலும் பெருஞ்சுழல்கள் வரிசையாகப் பிறந்து ஓட்டத்தோடு நகர்கின்றன. ஒவ்வொரு சுழலும் கடக்கும்போது இந்தப் பக்க நீரை அந்தப் பக்கமும், அந்தப் பக்க நீரை இந்தப் பக்கமும் இடுக்கின் வழியே தள்ளிவிடுகிறது.

இடுக்கின் நடுப்புள்ளியில் குறுக்கு வேகத்தின் காலச் சராசரி பூஜ்ஜியம். வலப்பக்கம் போனதும் இடப்பக்கம் வந்ததும் சமம். நிலையான சராசரிக் கணிப்பு அந்தப் பூஜ்ஜியத்தை மிகச் சரியாகத் தரும். அளவீட்டோடு ஒப்பிட்டால் முழு மதிப்பெண்ணும் வாங்கும். வெப்பத்தைச் சுமந்து செல்வதோ அந்த ஊசலாட்டம். அது கணிப்பில் இல்லாததால், குறைபட்ட கலப்பைச் சரிக்கட்டச் சோதனையிலிருந்து பெற்ற கலப்புக் குணகம் ஒன்றைச் செருக வேண்டியிருக்கிறது. இடைவழிகளை ஒவ்வோர் எண்ணாக வைத்துக் கணக்கிடும் கோப்ரா வகை நிரல்கள் அத்தகைய குணகத்தை வெளிப்படையாகவே கேட்கின்றன. அது அவற்றின் நேர்மை. நிறைய செல்களும் வண்ணப் படங்களும் கொண்ட சராசரிக் கணிப்பு அதே குறையைச் சுழல் பாகுத்தன்மைக்குள் மறைத்து வைத்திருக்கிறது. காலத்தோடு நகரும் சராசரிச் சமன்பாடுகளைப் பயன்படுத்தினாலே இந்தப் பெரிய ஊசலாட்டம் பலமுறை வெளிப்பட்டுவிடும். எல்இஎஸ் வரை போக வேண்டிய கட்டாயம் எப்போதும் இல்லை.

மேட்டிஸ்-எச்சில் மையத் தூரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 1.304. ஊசலாட்டம் முழு வீச்சில் தெரிய வேண்டுமானால் தண்டுகள் இதைவிட நெருங்கியிருக்க வேண்டும். இதழ்கள் கிளப்பும் கலக்கமும் அதை மூடிவிடும். ஆகவே கடைசித் தளத்தின் ஏற்ற இறக்கப் பிழை முழுவதையும் இதன் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் குணம் ஒன்றே: சராசரிப் படத்தில் தெரியாத அசைவுகள்தான் கலப்பையும் தண்டின் அதிர்வையும் தீர்மானிக்கின்றன. தண்டு அதிர்ந்து கிரிட்டின் தாங்கிகளோடு உராய்ந்து உறை தேய்வது அழுத்தநீர் உலைகளில் எரிபொருள் கசிவுக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. அந்தத் தேய்வைக் கணிக்கத் தேவைப்படுவது தண்டின் பரப்பில் நொடிக்கு நொடி மாறும் அழுத்தம். சராசரி வேகத்தில் தேர்ச்சி பெற்ற மாடலுக்கு அதைப் பற்றிப் பேச எந்தத் தகுதியும் வந்துவிடுவதில்லை.

உலைக்கு எடுத்துச் செல்லும்போது

சோதனையின் ரெனால்ட்ஸ் எண் உலையினுடையதில் பத்தில் ஒரு பங்கு. இதழால் திருப்பப்படும் பெரிய ஓட்டம் இந்த எண்ணை அதிகம் சார்ந்திருப்பதில்லை என்பதால் சுழிப்பின் தொடக்க அமைப்பைத் துணிந்து மாற்றிப் பேசலாம். சுவர் உராய்வையும் வெப்பப் பெயர்ச்சியையும் அப்படி மாற்ற முடியாது. தண்டுகள் சூடேற்றப்படாததால் வெப்பநிலை பற்றிச் சோதனை எதையும் சொல்லவில்லை. கொந்தளிப்பு உந்தத்தைக் கடத்தும் திறனுக்கும் வெப்பத்தைக் கடத்தும் திறனுக்கும் உள்ள விகிதமாக, கணிப்பாளர்கள் வழக்கமாக 0.85 அல்லது 0.9 என்று எழுதிவிடும் கொந்தளிப்பு பிராண்டல் எண், இதழுக்குப் பின்னாலும் அதே மதிப்பில் நிற்கிறதா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. திரவ சோடியம் ஓடும் வேக உலைகளுக்கோ இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அங்கே வெப்பம் மூலக்கூறு நிலையிலேயே வேகமாகப் பரவுவதால், வேகப் புலத்துக்கும் வெப்பநிலைப் புலத்துக்கும் இடையே நீரில் உள்ள ஒற்றுமை குலைந்துபோகிறது.

இதழ் வடிவமைப்பு கடைசியில் தவிர்க்க நினைப்பது கொதிநிலை நெருக்கடியை, அதாவது நீராவி தண்டை மூடி வெப்பம் வெளியேற முடியாமல் போவதை; அது இதற்கும் அப்பால் இருக்கிறது. தண்டின் பரப்பில் நீராவிக் குமிழ்கள் பிறக்கத் தொடங்கியதும், சுழலும் நீர் கனமாக இருப்பதால் வெளியே தள்ளப்பட்டுத் தண்டை நனைக்கிறது. இலேசான குமிழ்கள் பரப்பை விட்டு விலகிச் சுழலின் நடுவில் சேர்கின்றன. சுழிப்பு 10 விட்டத் தொலைவில் எவ்வளவு வலுவோடு மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தே அந்த விலகல் அமையும். மாடல் சுழிப்பைச் சீக்கிரம் கரைத்துவிட்டால், குமிழ்கள் தண்டோடு ஒட்டியே நிற்பதாகக் கணினி காட்டும். பாதுகாப்பாக எடுக்கக்கூடிய வெப்பத்தின் வரம்பு தேவைக்கு மேல் தாழ்வாக மதிப்பிடப்படும். மாறாக, மெஷ் பிழையும் மாடல் பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டிச் சுழிப்பு மிகையாக நின்றுவிட்டால் வரம்பு உயர்வாகத் தெரியும். இந்த இரண்டாவது பிழைதான் ஆபத்தானது. ஒற்றை நிலை நீரில் அளந்த நான்கு தளங்களை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.